படுகளத்துக்குப் போய் அழுதுட்டு வாங்க

ஆரணிப் பட்டுப் புடவையில் ஓடுகிற ஜரிகை சூரத்திலிருந்து வருகிறது. குஜராத் எந்தத் திசையில் இருக்கிறது என்று தெரியாத வயசிலேயே தறிக்கார வீட்டுப் பிள்ளைகளுக்கு சூரத் என்ற பேர் தெரிந்துவிடும். எனக்கும் அப்படித்தான். அந்த சூரத்தில் 2017-ல் கமலேஷ் மசாலாவாலா என்பவர் அழுவதற்கென்றே ஒரு சங்கம் தொடங்கினார். அதற்கு முன்னால் அவர் ஊருக்கெல்லாம் சிரிப்பு சிகிச்சை சொல்லிக்கொடுத்தவர். மாதத்துக்கு ஒரு தடவை ஜனங்கள் ஒரு கூடத்தில் சேர்ந்து உட்கார்ந்து, கண்ணை மூடி, நெஞ்சில் தைத்துக் கிடக்கிற ஏதாவது ஒன்றை நினைத்துக்கொண்டு, வாய்விட்டு அழுதுவிட்டு வீட்டுக்குப் போவார்கள். ஜப்பானில் இதற்கு ‘ரூயி-கட்சு’ என்று பேர். ஆபீஸ் முடித்து வருகிறவர்கள் ஒன்றாக உட்கார்ந்து சோகப் படம் பார்த்து அழுவார்கள்.

இதைப் படித்ததும் எனக்கு உடனே தோன்றியது, நம்ம பக்கத்தில் இது எப்போதிலிருந்தோ இருக்கிறதே என்பதுதான். கூடம் வேண்டாம், சந்தா வேண்டாம். மண்ணில் துண்டை விரித்து உட்கார்ந்தால் போதும். அக்னி வசந்தத்தைத்தான் சொல்கிறேன்.

வெளியூர்க்காரர்களுக்காகக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். எங்கள் திருவண்ணாமலை மாவட்டத்தில், ஆரணி, செய்யாறு, வந்தவாசி, போளூர் சுற்று வட்டாரத்தில், பங்குனி சித்திரையில் ஆரம்பித்து ஆடி வரைக்கும் ஏதாவது ஒரு ஊரில் அக்னி வசந்தம் நடந்துகொண்டே இருக்கும். திரௌபதி அம்மன் கோயிலில் கொடி ஏற்றிக் காப்புக் கட்டிவிட்டால், மத்தியானத்தில் பாரதச் சொற்பொழிவு, ராத்திரியில் தெருக்கூத்து. வில் வளைப்பு, துகில், அர்ச்சுனன் தபசு, அபிமன்யு சண்டை, கர்ண மோட்சம் என்று ஒவ்வொரு ராத்திரியாகக் கதை நகரும். கடைசி ராத்திரி பதினெட்டாம் போர். விடிந்தால் படுகளம், அன்று சாயங்காலம் தீமிதி.

படுகளத்தைப் பார்க்காதவர்களுக்கு அதை எப்படிச் சொல்வது? கோயிலுக்கு எதிர்த் திடலில் மண்ணைக் குவித்து, மல்லாந்து படுத்திருக்கிற துரியோதனனைச் செய்து வைத்திருப்பார்கள். அவன் கால் பக்கத்தில் நின்றால் தலைப் பக்கத்தில் நிற்கிறவர்கள் குட்டியாகத் தெரிவார்கள், அத்தனை பெரிய உருவம். முறுக்கு மீசை, கிரீடம், உருட்டி விழிக்கிற கண்ணு. ராத்திரி முழுக்க ஆடின வேஷக்காரர்களே தூக்கமில்லாத கண்ணோடு, வியர்வையில் அரிதாரம் வழிய, காலை வெயிலில் அந்த மண் உடம்பைச் சுற்றிச் சுற்றி ஓடுவார்கள். பீமன் துரத்துவான், துரியோதனன் கூட்டத்துக்குள் புகுந்து ஓடுவான். கடைசியில் தொடையில் அடி விழும். திரௌபதி வந்து விரித்த கூந்தலை முடிப்பாள்.

அதோடு கதை முடிந்தது, அம்மன் ஜெயித்தாள் என்று எல்லாரும் எழுந்து போய்விடலாம். ஆனால் போகமாட்டார்கள். ஏனென்றால் அடுத்து வருவது ஒப்பாரி.

செத்துக் கிடக்கிற மகனைப் பார்க்கக் காந்தாரி வருவாள். சில ஊர்க் கூத்தில் துரியோதனன் மனைவி வருவாள். வேஷம் கட்டினவர் பெரும்பாலும் ஆண்தான். மார்பில் அடித்துக்கொண்டு மண் உருவத்தின் பக்கத்தில் விழுந்து அழ ஆரம்பித்தால், நம்ம ஊர் எழவு வீட்டில் பொம்பளைங்க எந்த ராகத்தில் அழுவார்களோ அதே ராகம். துரியோதனன் இந்தக் கதையின் வில்லன். பத்து நாள், பதினெட்டு நாளாக அவன் செய்த அக்கிரமத்தையெல்லாம் ராத்திரி ராத்திரியாகப் பார்த்துப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்த அதே ஜனம், அவன் அம்மா அழும்போது கூடச் சேர்ந்து அழும். எனக்கு இதைவிடப் பெரிய மனசு எங்கேயும் காணக் கிடைத்ததில்லை. எவன் செத்தாலும் ஒரு தாய்க்குப் பிள்ளை போய்விட்டான் என்பது இந்த ஜனத்துக்கு யாரும் சொல்லிக்கொடுக்காமல் தெரிந்திருக்கிறது.

என் அத்தையின் கதையை இங்கே சொல்ல வேண்டும். அத்தையைக் காஞ்சிபுரத்தில் கொடுத்திருந்தார்கள், அங்கேயும் தறி வீடுதான். 2020 ஜூலையில் என் பெரியப்பா இறந்துபோனார். அத்தைக்கு அவர் அண்ணன் மட்டுமில்லை. அப்பா சீக்கிரம் போய்விட்ட வீட்டில் அவர்தான் அத்தையை வளர்த்துக் கல்யாணம் செய்துகொடுத்தவர். அது ஊரடங்கு நேரம். பஸ் ஓடவில்லை, மாவட்டம் விட்டு மாவட்டம் வர இ-பாஸ் வேண்டும், எழவுக்கு இருபது பேருக்கு மேல் கூடக்கூடாது என்று உத்தரவு. அத்தையால் வர முடியவில்லை. தெருவில் யாரும் யார் வீட்டுக்கும் போகாத காலம் அது. வாட்ஸ்அப்பில் வீடியோ கால் போட்டுக் காட்டினோம். அந்தச் சின்னத் திரையை அத்தை பார்த்துக்கொண்டே இருந்தாள். அழவில்லை. ‘சரிப்பா, வெச்சிடு’ என்றாள்.

அதற்கப்புறம் அத்தை ஒரு மாதிரி ஆகிவிட்டாள். சாப்பாடு குறைந்தது. தூக்கம் வரவில்லை என்று சொல்லி விடியற்காலையிலேயே எழுந்து தார் சுற்ற உட்கார்ந்துவிடுவாளாம். வருஷத் திதிக்கு வந்தபோதும், அண்ணன் பேச்சை எடுத்தாலே எழுந்து அடுப்பங்கரைக்குப் போய்விடுவாள். ‘அழுதுட்டா தேவலாம், உள்ளயே வெச்சிக்கினு கீறா’ என்று என் அம்மா சொல்லிக்கொண்டே இருந்தார். ஆனால் ஒருத்தரை உட்கார வைத்து இப்போ அழு என்றால் அழ வருமா?

2022-ல் திருவிழாக்கள் திரும்ப வந்தன. எங்கள் ஊர்ப் பக்கத்தில் நடந்த படுகளத்துக்கு அத்தையும் வந்திருந்தாள். சும்மா வேடிக்கை பார்க்கத்தான் வந்தாள். காந்தாரி வேஷக்காரர் மண்ணில் விழுந்து முதல் வரியை இழுத்தார். எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த அத்தையின் தோள் ஆட ஆரம்பித்தது. முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டாள். அப்புறம் அதையும் விட்டுவிட்டாள். ‘அண்ணா’ என்று ஒரு குரல். ரெண்டு வருஷமாகத் தொண்டையில் நின்றுபோன குரல். பக்கத்தில் உட்கார்ந்திருந்த யாரோ ஒரு அம்மாவுக்கு அத்தை யாரென்றே தெரியாது. யாரு, என்ன என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கையை நீட்டி அத்தையை இழுத்துத் தோளில் சாய்த்துக்கொண்டார். தானும் அழுதார். அவருக்கு யார் போனார்களோ.

அன்றைக்குச் சாயங்காலமே அத்தை தெளிந்துவிட்டாள் என்று நான் சொல்லமாட்டேன். வீட்டுக்கு வரும்போது முகம் வீங்கி, தலைவலி என்று படுத்துவிட்டாள். ராத்திரி எழுந்து ரசம் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். சாப்பிட்டுவிட்டு, பெரியப்பா சின்ன வயசில் கமண்டல நாகநதியில் வெள்ளம் வந்தபோது செய்த ஒரு சேட்டையைத் தானாகவே சொல்ல ஆரம்பித்தாள். அவரைப் பற்றி அவள் வாயைத் திறந்தது அப்போதுதான்.

அழுதால் மனசு லேசாகும் என்று எல்லாரும் சொல்கிறோம். அது நிஜமா, எப்படி நடக்கிறது என்று தேடிப் படிக்க எனக்கு அத்தைதான் காரணம். படித்ததில் பட்டதைச் சொல்கிறேன்.

அமெரிக்காவில் வில்லியம் ஃப்ரே என்ற உயிர்வேதியியலர் 1980-களில் ஒரு வேலை செய்தார். வெங்காயத்தால் வருகிற கண்ணீரையும், சோகப் படம் பார்த்து வருகிற கண்ணீரையும் குழாயில் பிடித்து ஒப்பிட்டுப் பார்த்தார். மனசு கலங்கி வருகிற கண்ணீரில் புரதம் அதிகம் இருந்தது. மன அழுத்தத்தால் உடம்பில் சேருகிற சுரப்புகளைக் கண்ணீர் வெளியே கொண்டுபோகிறது என்பது அவருடைய கருத்து. அவர் கேட்டவர்களில் பெண்களில் 85 சதவீதம் பேரும் ஆண்களில் 73 சதவீதம் பேரும் அழுத பிறகு தேவலாம் என்றார்கள். இன்றைக்கும் பத்திரிகைகளில் ‘கண்ணீரோடு நச்சு வெளியேறுகிறது’ என்று வருவதற்கு மூலம் இதுதான். ஆனால் பின்னால் வந்த ஆய்வுகள் இந்த விளக்கத்தை உறுதிப்படுத்தவில்லை. கண்ணில் வருகிற நாலு சொட்டில் உடம்பு முழுக்க இருக்கிற சுரப்பு எவ்வளவு போய்விடும்?

நாம் வழக்கமாகச் சொல்கிற குக்கர் உதாரணமும், அதாவது ஆவி நிறைந்தால் விசில் அடித்து அடங்கிவிடும் என்பதும், பாதிதான் சரி என்று எனக்குத் தோன்றுகிறது. நெதர்லாந்தில் 2015-ல் ஒரு ஆய்வு நடந்தது. ஆட்களை உட்கார வைத்து ‘லைஃப் இஸ் பியூட்டிஃபுல்’, ‘ஹாச்சி’ என்ற ரெண்டு படங்களைக் காட்டினார்கள். அழுதவர்களை உடனே கேட்டால் முன்னைவிட மோசமாக இருக்கிறது என்றார்கள். இருபது நிமிஷம் கழித்துக் கேட்டால் பழைய நிலைக்கு வந்திருந்தார்கள். தொண்ணூறு நிமிஷம் கழித்துக் கேட்டபோதுதான் படம் பார்ப்பதற்கு முன்னால் இருந்ததைவிட நன்றாக இருப்பதாகச் சொன்னார்கள். அழாதவர்களிடம் எந்த மாற்றமும் இல்லை. அத்தையின் தலைவலியும் ரசம் சோறும் எனக்கு அப்போது புரிந்தது. அழுகை முடிந்த கையோடு நிம்மதி வருவதில்லை, அதற்குக் கொஞ்சம் நேரம் விட வேண்டும்.

இதில் பங்கெடுத்த ஆட் ஃபிங்கர்ஹூட்ஸ் என்பவர் வாழ்நாள் முழுக்க அழுகையையே ஆராய்ந்தவர். அவரும் லாரன் பில்ஸ்மா, ஜொனாதன் ராட்டன்பெர்க் என்பவர்களும் சேர்ந்து 2008-ல் பல நாட்டு ஆட்களிடம் கேட்டுப் பார்த்தார்கள். எல்லா அழுகையும் ஆறுதல் தருவதில்லை என்று தெரிந்தது. பக்கத்தில் தேற்ற ஒருத்தர் இருந்து அழுதவர்களுக்கு மனசு லேசானது. வெட்கப்பட்டு, அடக்கி அடக்கி அழுதவர்களுக்கு அப்படி ஆகவில்லை. ஆஸ்திரேலியாவில் 2020-ல் நடந்த இன்னொரு சோதனையில், அழுகிறவர்களுக்கு மூச்சு ஒரு சீரில் நிற்கிறது என்று கண்டார்கள். வலியைத் தாங்குகிற சக்தி அதனால் கூடிவிடவில்லை.

ஆக, நம்மைத் தேற்றுவது கண்ணீர் மட்டும் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற ஆள் வேண்டும். யாரும் ‘ஏன் அழறே’ என்று கேட்காத ஒரு சாக்கும் வேண்டும். படுகளம் ரெண்டையும் கொடுக்கிறது.

ஒப்பாரியும் அதைத்தான் கொடுத்தது. சின்ன வயசில் எங்கள் தெருவில் சாவு விழுந்தால் தறிச் சத்தம் நின்றுவிடும். பள்ளிக்கூடத்திலிருந்து வரும்போது தெரு முனையிலேயே தெரிந்துவிடும், சத்தம் இல்லையே, யாரோ போயிட்டாங்க என்று. பொம்பளைங்க வட்டமாக உட்கார்ந்து ஒருத்தர் தோளில் ஒருத்தர் கை போட்டு, தலையோடு தலை சேர்த்து ஆடி ஆடி அழுவார்கள். வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருப்பேன். செத்தது பக்கத்து வீட்டுத் தாத்தா. ஆனால் ஒரு பெரியம்மா பாடுவது அடகில் முழுகிப்போன தன் தாலிச் சங்கிலியைப் பற்றி. இன்னொருத்தி பாடுவது பத்து வருஷமாகத் திரும்பிப் பார்க்காத தன் பிறந்த வீட்டைப் பற்றி. அது எனக்கு அப்போது விசித்திரமாக இருந்தது.

இசபெல் கிளார்க்-தெசே என்ற மானுடவியலர் நம்ம பக்கத்துத் தென்னார்க்காட்டு ஊர்களில் தங்கி, ஒப்பாரியையும் சாவுப் பாட்டுகளையும் கேட்டு 2005-ல் ஒரு புத்தகம் எழுதினார். செத்தவர்களுக்காக யாரும் அழுவதில்லை என்பதுதான் அதன் தலைப்பே. ஒப்பாரியில் பெண்கள் தங்கள் சொந்தத் துயரத்தைத்தான் பாடுகிறார்கள் என்று அவர் காட்டுகிறார். சில பேர் இதைக் கேட்டால், ‘பாரு, எல்லாம் நடிப்பு’ என்பார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. மாமியார் வீட்டில், புருஷனுக்கு முன்னால், கடன்காரனுக்கு முன்னால் சொல்ல முடியாத ஒன்றை உரக்கச் சொல்ல அந்தப் பொம்பளைக்கு ஊரே சேர்ந்து ஒரு இடம் கொடுத்திருந்தது. அங்கே சொன்னதை வெளியில் யாரும் குத்திக்காட்டமாட்டார்கள். இதைவிட நல்ல ஏற்பாட்டை எந்த மருத்துவமனை கொடுத்துவிட முடியும்?

அப்படி ஒரு இடம் தறியில் கிடையாது, தறியில் உட்கார்ந்து அழ முடியாது. இதை நெசவுக் குடும்பத்தில் பிறக்காதவர்களுக்குச் சொல்ல வேண்டும். குழித்தறியில் கால் ரெண்டும் பள்ளத்தில் மிதியின் மேல் இருக்கும். மடிக்கு முன்னால், நெய்த துணியைச் சுற்றுகிற படமரம். அதற்கு மேல் விறைப்பாக நிற்கிற பாவு, ஒரு கை நீளத்துக்குள் முகம். குனிந்தால் கண்ணிலிருந்து விழுகிற சொட்டு நேராகப் பட்டு மேல்தான் விழும். பட்டில் தண்ணீர் பட்டால் காய்ந்த பிறகும் வட்டமாகத் தடம் நிற்கும். உப்புத் தண்ணீர் ஜரிகையில் பட்டால் கறுத்துப்போகும் என்று அப்பா சொல்வார். புடவையை முதலாளியிடம் கொண்டுபோய்ப் போட்டால் விளக்குக்கு நேராகப் பிடித்துப் பார்ப்பார்கள். கறை இருந்தால் கூலியில் பிடிப்பு. அப்பா தோளில் எப்போதும் ஒரு துண்டு இருக்கும். வியர்வைக்கு என்றுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். அம்மாவுக்கு உடம்பு முடியாமல் வேலூரில் படுத்திருந்த மாதத்தில்தான், பாவுக்குள் ஓடுகிற நாடா நின்றுபோய் அந்தத் துண்டு முகத்தில் அழுந்திக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். துடைத்துவிட்டு, கையை வேட்டியில் ஒருமுறை தேய்த்துவிட்டு, மறுபடி நாடாவைத் தட்டினார். என்னிடம் எதுவும் சொல்லவில்லை. நானும் எதுவும் கேட்கவில்லை.

அப்பாவின் அந்த அழுகை சாவுக்கானது இல்லை. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் எட்டு மெய்ப்பாடுகளில் அழுகையை ரெண்டாவதாக வைக்கிறது, நகைக்கு அடுத்தபடி. அழுகை பிறக்க அது நாலு இடம் சொல்கிறது: இளிவு, இழவு, அசைவு, வறுமை. அடுத்தவன் இகழ்வது இளிவு. வேண்டியவர்களையோ வேண்டியதையோ இழப்பது இழவு. முன்பு இருந்த நிலை குலைந்து தளர்ந்து போவது அசைவு. வறுமை எல்லாருக்கும் தெரியும். காலேஜில் தமிழ் ஐயா இதை நடத்தியபோது எனக்கு எங்கள் தெருதான் ஞாபகம் வந்தது. சொந்தத் தறி வைத்திருந்தவர் கூலித் தறிக்கு உட்காருவது அசைவு. முன்பணம் வாங்கியிருக்கிறாயே என்று பிள்ளைகளுக்கு முன்னால் ஒருவன் பேசுவது இளிவு. இவ்வளவு பழைய நூல், சாவுக்கு மட்டும்தான் அழலாம் என்று சொல்லவில்லை. நிலை தாழ்ந்ததற்கும் அழலாம், அவமானத்துக்கும் அழலாம் என்கிறது. இன்றைக்கு நாம்தான் அழுகையைச் சாவு வீட்டோடு நிறுத்திக்கொண்டோம். வேலை போனவன் அழுதால் ‘இதுக்கெல்லாமா’ என்கிறோம்.

ஆம்பளைகள் விஷயம் இன்னும் மோசம். சிரிக்கிற பெண்ணையும் அழுகிற ஆணையும் நம்பாதே என்று ஒரு பழமொழி நம்மிடம் இருக்கிறது. நம்ம மொழியில் நான் அடியோடு வெறுக்கிற பழமொழி அது. ஒரே வரியில் பெண்ணுக்குச் சிரிப்பையும் ஆணுக்கு அழுகையையும் பிடுங்கிக்கொண்டது. நாலு வயசுப் பையன் விழுந்து முட்டி சிராய்த்து அழுதால், ‘பொட்டப் புள்ள மாதிரி அழுவாத’ என்று தூக்கிவிடுகிறோம். அவன் நாற்பது வயசில் எங்கே போய் அழுவான்? எங்கள் ஊரில் எனக்குத் தெரிந்த பல ஆண்களுக்கு ரெண்டு க்ளாஸ் உள்ளே போனால்தான் கண்ணில் தண்ணீர் வருகிறது. விடிந்ததும், ‘ராத்திரி என்ன பேசினேன்னே தெரியல மச்சான்’ என்பார்கள். தெரியும். வெட்கம்.

ஆனால் இதற்கும் எங்கள் பக்கத்தில் ஒரு வழி இருந்தது. கர்ண மோட்சம். திருவிழாவில் ஆடுவது போக, யாராவது இறந்தால் கருமாதி ராத்திரியிலும் கர்ண மோட்சம் கூத்து வைப்பது இந்தப் பக்கத்து வழக்கம். போருக்குப் புறப்படுகிற கர்ணனும் பொன்னுருவியும் பிரிகிற இடமே நெஞ்சைப் பிடிக்கும். அதற்கப்புறம் களத்தில் விழுந்த கர்ணனைக் குந்தி வந்து மடியில் போட்டுக்கொண்டு ‘மகனே’ என்று ஊரறிய அழுவாள். வாழ்நாள் முழுக்கச் சொல்ல முடியாத வார்த்தை அது.

என் கூடப் படித்த ஒருத்தன் தறியை விட்டுவிட்டுச் செய்யாறு சிப்காட்டுக்கு வேலைக்குப் போகிறான். விடிவதற்குள் கம்பெனி பஸ் பிடிக்க வேண்டும். தறியைப் பிரித்து விற்ற நாளிலிருந்து அவன் அப்பா அவனிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அந்த மனக்கசப்பு தீராமலே அவர் போய்விட்டார். எழவன்று இவன் பந்தல், பறை, பூ என்று அலைந்துகொண்டே இருந்தான். ‘மூத்தவன் நீ, நீயே ஒடஞ்சா எப்பிடி’ என்று ஆளாளுக்குச் சொல்லிவிட்டார்கள். கருமாதி ராத்திரி கூத்து. கூட்டத்தின் பின்பக்கத்தில் பாயில் என்னோடுதான் உட்கார்ந்திருந்தான். விடியற்காலை, குந்தி மடியில் கர்ணன். இவன் முட்டியைக் கட்டிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதான். சுற்றிலும் திரும்பிப் பார்த்தேன். வயசான ஆம்பளைகள், மீசை வைத்த ஆம்பளைகள், துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். யாரும் யாரையும் பார்க்கவில்லை, எல்லாரும் கூத்தைத்தான் பார்த்தார்கள். நான் அவன் முதுகில் கை வைத்தேன். அவ்வளவுதான் செய்தேன். அதுதான் வேண்டியிருந்தது என்று பின்னால் அவனே சொன்னான்.

இன்றைக்கு இந்த இடங்கள் குறைந்துகொண்டு வருகின்றன. சாவு விழுந்தால் கண்ணாடிப் பெட்டி வருகிறது, பக்கத்தில் போய்க் கட்டிக்கொண்டு அழ முடியாது. தெரு முனையில் கண்ணீர் அஞ்சலி என்று ஃப்ளெக்ஸ் நிற்கிறது. ஒப்பாரி ஸ்பீக்கரில் வருகிறது. பெண்கள் நாற்காலியில் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். வட்டமாகத் தரையில் உட்கார்ந்தால்தான் தோளில் கை போட முடியும். நாற்காலியில் எப்படி? படித்த பெண்கள் ஒப்பாரி வைப்பதைக் கௌரவக் குறைச்சல் என்று நினைக்கிறார்கள். என் தங்கைக்கே ஒரு வரி தெரியாது. அவளிடம் துக்கம் இல்லாமலா இருக்கும்? பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுகிற பெண்கள் எத்தனை பேர் என்று நினைத்தாலே எனக்கு வயிறு கலங்குகிறது. மேலே சொன்ன ஆய்வுகள் பார்த்த, யாருக்கும் தெரியாமல் அடக்கி அழுகிற அழுகை அதுதான். அது நிம்மதி தராது.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். எல்லாத் துயரமும் அழுது தீருவதில்லை. தினமும் காரணமில்லாமல் அழுகை வருகிறது, அழுத பிறகும் பாரம் குறையவில்லை, அல்லது அழுகையே வற்றிப்போய் எதிலும் பிடிப்பில்லாமல் இருக்கிறது, வாழவே வேண்டாம் என்ற நினைப்பு வருகிறது என்றால் அது நோய். காய்ச்சலுக்கு டாக்டரிடம் போவதுபோல இதற்கும் போக வேண்டும். 14416 என்ற எண்ணுக்கு எந்த நேரத்திலும் காசில்லாமல் போன் செய்து தமிழிலேயே பேசலாம். 2022-லிருந்து நடக்கிற அரசு மனநலச் சேவை அது. தமிழ்நாட்டில் அதற்கு ‘நட்புடன் உங்களோடு’ என்று பேர் வைத்திருக்கிறார்கள். 104-க்கும் பேசலாம். கடனில் மாட்டியிருக்கிற நெசவாளி வீட்டில் யாராவது இதைப் படித்தால், இந்த எண்ணைத் தறி மேல் சுவரில் எழுதி வையுங்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

மற்றவர்களுக்கு, முடிந்தால் இந்த வருஷம் ஒரு படுகளத்துக்குப் போய்விட்டு வாருங்கள். சித்திரை பிறந்துவிட்டால் ஆரணி பஸ் ஸ்டாண்ட் சுவரிலும் டீக்கடை வாசலிலும் அக்னி வசந்த விழா நோட்டீஸ் ஒட்டியிருப்பார்கள். அதில் படுகளம் என்று போட்டிருக்கிற தேதியைப் பாருங்கள், பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமையாக வைப்பார்கள். முதல் நாள் ராத்திரியே போய்ப் பதினெட்டாம் போரைப் பார்த்துவிட்டு அங்கேயே கண் அசந்தால் ரொம்ப நல்லது. ராத்திரி முழுக்கக் கதையோடு இருந்தால்தான் காலையில் காந்தாரி வரும்போது நெஞ்சு இளகும். முடியாவிட்டால் காலை வெயில் ஏறுவதற்குள் போய்விடுங்கள். குடை பிடித்தால் பின்னால் இருப்பவர்களுக்கு மறைக்கும், தலைக்கு ஒரு துண்டு எடுத்துக்கொள்ளுங்கள். பீமன் அடித்ததும் கிளம்பிவிடாதீர்கள், ஒப்பாரி அதற்கப்புறம்தான். உங்கள் வீட்டிலும் ரொம்ப நாளாக ஒன்றுமே சொல்லாமல் வளைய வருகிற ஒருத்தர் இருப்பார். எதற்கு என்று விளக்கம் சொல்லாமல், கூத்து பார்க்கலாம் வா என்று அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். பக்கத்திலேயே உட்காருங்கள்.